கரண்டு வைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

எட்டு வயதுப் பையன். மூக்குக்குப் பின்னால், மூளையின் அடித்தளத்தை ஒட்டி ஒரு கட்டி. புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது புரோட்டான் சிகிச்சை, முதல் நாள் முடிந்து வெளியே வந்தவன் நேராக அம்மாவிடம் ஓடினான். கன்னத்தில், தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கின் வலைத் தழும்பு இன்னும் மறையவில்லை. அம்மா கையை நீட்டினார், அப்புறம் பாதியில் இழுத்துக்கொண்டார். அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "மேடம், என் தங்கச்சி மாசமா இருக்கா, எங்க வீட்லதான் இருக்கா. கரண்டு வச்ச உடம்பாச்சே, இவனை அவ பக்கத்துல விடலாமா? நான் மடியில வச்சுக்கலாமா?"

மருத்துவ இயற்பியலாளரான என்னிடம் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பயம் போகாது, வீட்டுக்குப் போனதும் திரும்பி வரும். உள்ளே போன புரோட்டான் என்ன ஆனது என்று தெரிந்தால்தான் அந்தக் கை தயங்காமல் நீளும்.

புரோட்டான் என்பது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். நம் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் இருக்கிற அதே ஹைட்ரஜன். அதிலிருந்து எலக்ட்ரானை உரித்து, ஆழமான கட்டிகளுக்கு 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை ஆற்றல் கொடுக்கிறோம். அப்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு, விநாடிக்குச் சுமார் 1,80,000 கிலோமீட்டர். இந்த வேகத்தில் திசுவுக்குள் நுழைகிற புரோட்டானைச் சுற்றி எங்கு பார்த்தாலும் எலக்ட்ரான்கள்தான். பலவற்றைத் தட்டிவிட்டுப் போகும், ஆனால் ஒன்றைக்கூடத் தன்னோடு கூட்டிக்கொள்ள முடியாது.

ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது புரியும். கூடவே ஓடி, பஸ்ஸின் வேகத்துக்கு வந்தால்தான் கம்பியைப் பிடிக்க முடியும். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். புரோட்டான் அதைவிட எண்பது மடங்கு வேகமாகப் பறக்கும்போது எலக்ட்ரான் எங்கே தொற்றிக்கொள்வது? மிக அதிக வேகங்களில், புரோட்டானின் வேகம் இரட்டிப்பானால் எலக்ட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அணு மோதல்களைப் படிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த வீழ்ச்சி இது.

வழியில் தட்டிவிட்ட ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் புரோட்டான் கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வொரு அணுவின் அருகிலும் அதிக நேரம் இருக்கிறது, அதனால் இன்னும் அதிகமாக இழக்கிறது. பயணத்தின் கடைசியில் இந்த இழப்பு ஒரே இடத்தில் குவிவதைத்தான் பிராக் உச்சம் என்கிறோம். புரோட்டான் சிகிச்சையின் பலன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரானைப் பிடிப்பதால்தான் இந்த உச்சம் வருகிறது என்று எங்கள் மாணவர்களில் சிலரே நினைப்பதுண்டு. அப்படி இல்லை. வேகம் குறைவதுதான் காரணம். எலக்ட்ரானைப் பிடிப்பது அதற்கும் பிறகு நடக்கிற விஷயம்.

ஆற்றல் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கும்போது புரோட்டானின் வேகமும் ஹைட்ரஜன் அணுவிலுள்ள எலக்ட்ரானின் வேகமும் சமமாகின்றன. இதற்குப் பிறகு மிச்சமிருக்கும் தூரம் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை, ஒரு செல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சிறு தூரத்தில் புரோட்டான் ஓர் எலக்ட்ரானைப் பிடிக்கிறது, அடுத்த மோதலில் இழக்கிறது, மறுபடி பிடிக்கிறது. தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க 12.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஹைட்ரஜன் அதைப் பிடித்து வைத்திருப்பது 13.6-இல். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கைமாறுவது எளிது. கடைசியில் பிடித்த எலக்ட்ரான் நிலைத்துவிடுகிறது. அந்தப் புரோட்டான் இப்போது ஹைட்ரஜன் அணு. பக்கத்தில் இருக்கும் ஏதாவதொரு மூலக்கூறோடு சேர்ந்துகொள்ளும். தோலைத் தொட்டதிலிருந்து இதுவரை ஆன நேரம் சில நானோ விநாடிகள்.

இப்படி நின்றுபோன துகள் சாதாரண அணுவாகிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தே நிரூபித்திருக்கிறார்கள். மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும், துகள் ஊடுருவிப் போகும் அளவுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அடைத்தார்கள். அதிலிருந்து வந்த ஆல்ஃபா துகள்கள் (எலக்ட்ரான் இல்லாத ஹீலியம் அணுக்கருக்கள்) கண்ணாடியைத் துளைத்து வெளிக்குழாயில் சேர்ந்தன. சில நாள் கழித்து அங்கே மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. 1909-இல் அதை வெளியிட்டார்கள். கதிரியக்கத்தில் பிறந்த துகள், இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, பலூனில் அடைக்கிற ஹீலியமாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கட்டியின் அளவைப் பொறுத்து மாறும் என்றாலும், ஒரு நாள் சிகிச்சையில் உடம்புக்குள் போகிற புரோட்டான்கள் சுமார் பத்தாயிரம் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் அதைவிட ஆயிரக்கணக்கான கோடி மடங்கு அதிகம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போகிற வழியில் சில புரோட்டான்கள் அணுக்கருவிலேயே மோதிவிடும். அதில் ஆக்சிஜன்-15, கார்பன்-11 போன்ற கதிரியக்க அணுக்கள் சிறிதளவு உண்டாகும். முதலாவது 2 நிமிடத்தில் பாதியாகிவிடும், இரண்டாவது 20 நிமிடத்தில். வீட்டில் யாரும் விலகியிருக்கத் தேவையில்லாத அளவுதான் அது, கர்ப்பிணிகளும் சேர்த்துத்தான்.

பயம் வேறு எங்கிருந்தோ வருகிறது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் சில நாள் தனியாக இருக்க வேண்டும், குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கக் கூடாது. அது உண்மைதான், அந்த விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். அங்கே மருந்தே கதிரியக்கப் பொருள், அது உடம்பிலேயே தங்குகிறது. வெளியிலிருந்து கொடுக்கும் எக்ஸ்-கதிரிலும் புரோட்டானிலும் அப்படிக் கதிரியக்க மருந்து எதுவும் உடம்பில் தங்குவதில்லை. நம் ஊரில் எல்லாவற்றையும் "கரண்டு வைக்கிறது" என்ற ஒரே பெயரில் சொல்வதால் ஒன்றின் விதி இன்னொன்றின் தலையில் ஏறிவிடுகிறது. இந்தியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019-இல் சென்னையில் தொடங்கியது. அதற்குப் பிறகு பல குடும்பங்களுக்கு இந்தச் சிகிச்சை அறிமுகமாகியிருக்கிறது, இந்தக் குழப்பமும் கூடவே வந்திருக்கிறது. உங்களுக்குக் கொடுப்பது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் உண்மையில் கவலைப்படுவது புரோட்டான் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி. காற்றைப் புரோட்டான் அநேகமாக எதையும் இழக்காமல் கடந்துவிடும். மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் காற்று இருந்த இடத்தில் சளி நிறைந்தால், அதைத் தண்ணீரைப் போலத்தான் கடக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் சளி என்றால் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், கட்டியின் பின்பகுதிக்குப் போய்ச் சேராது. உடம்பு இளைத்தாலும் வீங்கினாலும் இதே கதைதான். அதனால்தான் இடையில் மறுபடி சிடி ஸ்கேன் எடுக்கிறோம், மாஸ்க் தளர்ந்துவிட்டதா என்று கேட்கிறோம்.

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை. அந்த அம்மா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்து, நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "மேடம், சனிக்கிழமையிலிருந்து இவனுக்கு மூக்கடைப்பு." ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். வலதுபக்க சைனஸ் முழுக்க அடைத்திருந்தது. அன்று மாலைக்குள் திட்டத்தை மாற்றிப் போட்டோம்.