போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்: கவுன்டி ஆட்சிக்குழு

சூப்பர்வைசர் என்றதும் நமக்கு மில்லிலோ கட்டட வேலையிலோ ஆட்களை வேலை வாங்குபவர்தான் நினைவுக்கு வருவார். கலிபோர்னியாவில் அது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி. அங்கே 58 கவுன்டிகள், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள். ஒவ்வொன்றையும் ஆள்வது ஒரு போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்.

லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்ப்பது. நியூயார்க் குடியேற்ற நாடாக இருந்தபோதே, டவுன்கள் ஆளுக்கொரு சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுத்து, கவுன்டியின் வரவு செலவைக் கவனிக்க அனுப்பின. பெயர் அந்த வழியில் வந்தது. 'கவுன்டி'யின் மூலம் லத்தீன் 'கோமெஸ்', அதாவது அரசனின் உடனிருப்பவர். அவர் பொறுப்பிலிருந்த நிலப்பகுதி பிறகு கவுன்டி ஆனது.

இன்றைய சூப்பர்வைசர்கள் மேலே நின்று பார்ப்பதோடு நிற்பதில்லை. சட்டம் இயற்றுகிறார்கள், பட்ஜெட் போடுகிறார்கள், நிர்வாகத்தையும் நடத்துகிறார்கள். எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளுக்கு உள்ளாட்சியும் அவர்கள்தான். வழக்கமாக ஐந்து பேர், தொகுதிக்கு ஒருவர், நான்காண்டுப் பதவி. சான்பிரான்சிஸ்கோ மட்டும் நகரமும் கவுன்டியும் ஒன்றானது. அங்கே 11 பேர், கூடவே மேயர்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அவர்களுக்கு ஐந்தே உறுப்பினர்கள் என்பது ரொம்பக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் அதை ஒன்பதாக உயர்த்தவும், நிர்வாகத் தலைவரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவும் ஒப்புதல் தந்தார்கள். கலிபோர்னியாவில் ஷெரீப்பும், அதாவது கவுன்டியின் காவல்துறைத் தலைவரும், மக்கள் தேர்ந்தெடுப்பவர். அவருக்குப் பணம் ஒதுக்குவது போர்டு. அவரை வேலையைவிட்டு அனுப்பும் அதிகாரமோ சாதாரணமாக அதற்குக் கிடையாது. இந்த இழுபறி அங்கே பழகிப்போன ஒன்று.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'மேற்பார்வையாளர் குழு' சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குப் பொருந்தாது. யாரோ நியமித்த கண்காணிப்புக் குழுபோல ஒலிக்கிறது. 'மாவட்ட ஆட்சிக்குழு' என்றால் நம் கலெக்டர் குறுக்கே வருவார். அவர் அரசு நியமிக்கும் அதிகாரி. அதனால் 'கவுன்டி ஆட்சிக்குழு' என்பதே என் தேர்வு. சூப்பர்வைசர், 'ஆட்சிக்குழு உறுப்பினர்'.

மற்ற மாநிலங்களுக்கும் இது உதவும். நியூஜெர்சியில் 'ஃப்ரீஹோல்டர்', அதாவது நிலமுடையவர், என்றிருந்த உறுப்பினரின் பெயர் 2021இல் 'கமிஷனர்' ஆனது. டெக்சாஸில் இதே குழு 'கமிஷனர்ஸ் கோர்ட்'. அதை நீதிமன்றம் என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். லூசியானாவில் கவுன்டிக்கு 'பாரிஷ்' என்று பெயர். பல பாரிஷ்களில் ஆட்சிக்குழுவை 'போலீஸ் ஜூரி' என்கிறார்கள். போலீசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.