எம்.பி.ஏ. மாணவர்களுக்கு: புராடக்ட் இன்டர்ன்ஷிப் கிடைப்பதும் அதை ஒழுங்காக முடிப்பதும்

"அண்ணா, எனக்கு கோடிங் வராது. பி.காம். முடிச்சிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தேன். புராடக்ட் பக்கம் வரலாமா?" தீபாவளி முடிந்த கையோடு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். சொந்த ஊர் வேலூர் என்பதால் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாத்தியார் என்று யார் மூலமாகவாவது என் நம்பர் போய்விடுகிறது. வரலாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் எதைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதைப் போனில் முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

புராடக்ட் மேனேஜர் என்றால் ஐடியா சொல்பவர் என்று நினைத்துக்கொண்டு பலரும் வருகிறார்கள். ஐடியாவுக்கு எந்தக் கம்பெனியிலும் பஞ்சமில்லை. டெவலப்பரிடம் நாலு இருக்கும், சேல்ஸ்காரரிடம் நாற்பது இருக்கும், முதலாளி குளிக்கும்போதே ஒன்று யோசித்துக்கொண்டு ஆபீஸ் வருவார். அவற்றில் எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப் போடுவது, எதை வேண்டவே வேண்டாம் என்பது, அப்படிச் சொல்ல என்ன ஆதாரம் என்பதுதான் இந்த வேலை. இதில் யாரும் நமக்குக் கீழே இல்லை. டெவலப்பருக்கு வேறு மேலாளர், டிசைனருக்கு வேறு மேலாளர். அதிகாரம் இல்லாமல் காரியம் நடத்த வேண்டும்.

இந்தப் பொறுப்பின் வேர் மென்பொருளில்கூட இல்லை. 1931-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் வேண்டும், அது எங்கே விற்கிறது, எங்கே தேங்குகிறது, ஏன் என்பதை அந்த ஆள் களத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். இன்றைய புராடக்ட் மேனேஜர் பதவியின் வம்சாவளியை அங்கிருந்துதான் சொல்வார்கள். எழுதியவர் சோப்பு விற்றவர். பி.காம். படித்தவர்கள் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

சரி, எப்போது தேடுவது? இரண்டு வருட எம்.பி.ஏ.வில் முதல் வருடம் முடிந்ததும், ஏப்ரல் முதல் ஜூன் வரை, எட்டு முதல் பத்து வாரம் இன்டர்ன்ஷிப். பெரிய கல்லூரிகளுக்கு அதற்கு ஆறு மாதம் முன்பே கம்பெனிகள் வந்து ஆள் எடுத்துவிடும். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் கேம்பஸுக்கு வருபவை வங்கி, இன்சூரன்ஸ், சேல்ஸ், எச்.ஆர். வேலைகள்தான். புராடக்ட் என்று வருவது அபூர்வம். ஆகவே வெளியே தேட வேண்டும், அதுவும் டிசம்பரிலேயே. மார்ச் மாதம் போன் செய்பவர்களிடம் எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை.

வெளியே என்றால் சென்னை அல்லது பெங்களூரு. காட்பாடி ஜங்ஷன் இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது நமக்கு ஒரு வசதி. காலையில் ரயில் ஏறி இன்டர்வியூ முடித்து இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். சென்னை மென்பொருள் நிறுவனங்கள் பேர் வாங்கியது இன்னொரு கம்பெனிக்கு மென்பொருள் விற்று. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோவும், 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் அந்த வகைதான். அவர்களுடைய பயனர் ஒரு அக்கவுன்டன்ட், ஒரு கஸ்டமர் கேர் ஊழியர், ஒரு கடை மேனேஜர். நம் பிள்ளைகளோ ஸ்விக்கியையும் இன்ஸ்டாகிராமையும் எப்படி மேம்படுத்துவது என்று மட்டுமே தயார் செய்துகொண்டு போகிறார்கள். கேட்பவருக்கு அலுத்துவிடுகிறது.

விண்ணப்பத்தை எச்.ஆர். மெயிலுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தக் கம்பெனியில் புராடக்ட் மேனேஜராக இருப்பவரையே லிங்க்ட்இன்னில் கண்டுபிடித்து எழுதுங்கள். "ஐ ஆம் பேஷனேட் அபவுட் புராடக்ட்" என்று தொடங்கும் செய்திகள் எனக்கே வாரம் தவறாமல் வருகின்றன. திறப்பதில்லை. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு பிரச்சினையை இரண்டு பக்கத்தில் எழுதி இணைத்தால் திறப்பேன்.

எப்படிப்பட்ட இரண்டு பக்கம் என்பதற்கு ஒரு மாணவி எழுதியதைச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகள் எவ்வளவு என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நோயாளியோடு குடும்பமே வந்து தங்கும். கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். அந்தப் பெண் தெரிந்தவர் லாட்ஜில் சில மாலைகள் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அறை கேட்டு வருபவரிடம் மேனேஜர் "எத்தனை நாள்?" என்று கேட்கவே இல்லை. கேட்டாலும் பதில் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும், டெஸ்ட் எடுக்க வேண்டும், ரிசல்ட் வந்தபின் மறுபடி டாக்டர், அதற்கப்புறம்தான் அட்மிஷனா ஊருக்குத் திரும்புவதா என்று தெரியும். காலையில் அன்றைய வாடகையைக் கொடுத்து ஒவ்வொரு நாளாக நீட்டிக்கிறார்கள். நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு டிக், அவ்வளவுதான். வருபவர்கள் கேட்பதும் மூன்றே விஷயம். சமைக்க இடம் உண்டா, ஆஸ்பத்திரி கேட் எவ்வளவு தூரம், லிஃப்ட் இருக்கிறதா.

ரூம் புக் செய்யும் ஆப்கள் முதல் திரையிலேயே கேட்பது வரும் தேதியும் போகும் தேதியும். போகும் தேதி தெரியாத மனிதர் அங்கேயே நின்றுவிடுகிறார். அவள் குறிப்பு இதைத்தான் சொன்னது. யாருக்குப் பிரச்சினை, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், போகும் தேதி இல்லாத புக்கிங் வைத்தால் லாட்ஜ்காரருக்கு என்ன நஷ்டம் என்று வரிசையாக இருந்தது. இன்டர்வியூவில் பாதி நேரம் இதிலேயே போயிற்றாம். "லாட்ஜ்காரர் ஏன் சம்மதிப்பார்?" என்று மடக்கியிருக்கிறார்கள். "ஆள் எப்போது போவார் என்று தெரியாதது அவருக்குப் பழகிவிட்டது சார். சொல்லாமல் காலி செய்வதுதான் தொல்லை. ராத்திரியே 'நாளைக்கு இருக்கிறீர்களா?' என்று வங்காளத்தில் ஒரு மெசேஜ் போய், ஆமாம் இல்லை என்று பதில் வந்தால் போதும் என்றார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இடம் கிடைத்தது. அவளும் பி.காம்.தான்.

மற்ற கேள்விகளுக்கும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். காட்பாடி ஸ்டேஷனில் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டோ சவாரி நடக்கும் என்பது மாதிரி கணக்கு கேட்பார்கள். நிற்கும் ரயில்கள், ஒரு ரயிலுக்கு இறங்குபவர்கள், அதில் பஸ் ஏறாமல் ஆட்டோ பிடிப்பவர்கள் என்று பிரித்து, எதை ஊகிக்கிறோம் என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனால் சரி. விடை முக்கியமில்லை. பணம் கட்டும் பக்கம் வரை வருபவர்கள் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, கட்டி முடிப்பவர்கள் மட்டும் குறைந்துவிட்டார்கள், எங்கே பார்ப்பாய் என்பார்கள். எல்லோருக்கும் குறைந்ததா, ஒரு வகை போனிலா, ஒரு வங்கியிலா என்று முதலில் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். எக்செலில் பிவட், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் குரூப் பை, ஜாயின் அளவுக்குத் தெரிந்தால் இன்டர்னுக்குப் போதும். அதை விடுமுறையில் வீட்டிலிருந்தே படிக்கலாம், பணம் கட்டி கோர்ஸ் சேரத் தேவையில்லை.

பணம் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். இன்டர்ன்ஷிப் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள், முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஆஃபர் லெட்டர் வந்தால் அது ஏமாற்று வேலை. வேலை கொடுப்பவர் பணம் கேட்க மாட்டார். பெரிய கம்பெனியின் லோகோ இருக்கிறதே என்று நம்பாதீர்கள், லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். மெயில் அந்தக் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வழியுண்டு. இன்னொரு ரகம், கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் தருபவை. அந்தக் காகிதத்தைப் பார்த்து எந்தப் புராடக்ட் மேனேஜரும் கூப்பிடப்போவதில்லை. தேர்வுக்கான அசைன்மென்ட் என்று ஒரு மாலை வேலை கொடுத்தால் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு முழு டிசைனும் வாடிக்கையாளர் பட்டியலும் கேட்டால், ஓசியில் வேலை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இடம் கிடைத்தபின் வரும் ஆபத்து வேறு. எட்டு வாரம் என்பது மிகக் குறைவு, லேப்டாப்பும் பாஸ்வேர்டும் கைக்கு வரவே சில நாள் ஆகும். முதல் வாரத்திலேயே மென்டரிடம், அதாவது கம்பெனியில் உங்களுக்கு வழிகாட்டுபவரிடம், உட்கார்ந்து, நான் விடை தேட வேண்டிய கேள்வி என்ன, முடிவெடுப்பது யார், எந்த டேட்டாவைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு என்ற மூன்றையும் மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மீட்டிங்கில் நோட்ஸ் எடுப்பதிலேயே ஜூன் வந்துவிடும்.

எங்களிடம் வந்த ஒரு பையனுக்குக் கொடுத்த கேள்வி இது. சிறு தொழிற்கூடங்களுக்கான மென்பொருளில், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வேலையில் ஒரு பகுதியை வெளியாளிடம் கொடுத்துச் செய்ய, பொருள் அனுப்பும்போது போடும் சலான் (கூடவே போகும் சரக்குச் சீட்டு) திரையைப் பலர் திறக்கிறார்கள், பாதியில் மூடிவிடுகிறார்கள். ஏன்? தம்பி முதல் வாரமே பதிலோடு வந்தான். பட்டன் நிறத்தை மாற்றலாம், சொல்லித்தர ஒரு வீடியோ போடலாம் என்றான். ஊருக்குப் போகிற வழியில் ஆம்பூரில் இறங்கி, திரையைப் பயன்படுத்துபவரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினோம்.

அங்கே ஒரு ஷூ யூனிட். வெட்டிய தோலை, ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்க வெளியே கொடுத்து அனுப்புகிறார்கள். தைப்பவர்கள் பலர் வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள். சூப்பர்வைசர் கையில் நீளமான நோட்டு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று சைஸ்வாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை ஜோடி என்று எழுதுகிறார். எங்கள் திரையில் இருந்தது "எண்ணிக்கை" என்று ஒரே ஒரு கட்டம். அவர் மொத்தமாக நூற்று இருபது என்று போட்டுவிட்டு உண்மைக் கணக்கை நோட்டிலேயே வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது எட்டாம் சைஸில் நாலு ஜோடி குறைந்தால் மென்பொருளுக்குத் தெரியாது, நோட்டுக்குத் தெரியும். அவரால் மென்பொருளை விட்டுவிடவும் முடியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால் அதை விற்றதாகவே கணக்கு வைத்து வரி கேட்பார்கள். அதனால் அக்கவுன்டன்ட் சலான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரே கணக்கை இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது. லோடு ஏற்றும் அவசரத்தில் திரையை மூடிவிடுகிறார். பட்டன் நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

திரும்பி வந்தவன் சைஸ்வாரிக் கட்டங்கள் வேண்டும் என்று எழுதினான். கூடவே தைப்பவர்களுக்கான கூலிக் கணக்கு, மெசேஜ், படத்தோடு ரிப்போர்ட் என்று நீளமாக ஒரு பட்டியலும் போட்டான். மென்டர் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்தார். பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் கடைசி இரண்டு வாரத்துக்குள் சில வாடிக்கையாளர்களுக்காவது போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றுதான். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் போயிருக்காது. பலன் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சலானை முடிப்பவர்கள் கூடினார்கள், சிலர் நோட்டை விடவில்லை, செல்போனில் கட்டங்கள் மிகச் சிறிதாகத் தெரிந்ததுதான் காரணம். அதையும் மறைக்காமல் கடைசிக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனான். அவனுக்குப் பிறகு அந்த வேலையை எடுத்தவர் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கினார். விற்பனை நாற்பது சதவீதம் உயர்ந்தது என்று ஆதாரமில்லாமல் ஸ்லைடு போடும் இன்டர்னைவிட இவனை நான் மறுபடி கூப்பிடுவேன்.

டெவலப்பர்களிடம் பேசும்போது "இதைச் செய்து கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். அந்த நோட்டின் போட்டோவைக் காட்டுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவர்களே நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு தலைவலி, கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட். நம் பக்கத்தில் இன்னும் பல துறைகளில் கேள்வித்தாள், நூறு பேர் பதில், சதவீத அட்டவணை, கைஸ்கொயர் சோதனை, கம்பெனி சீல் என்று ஒரே அச்சு. நீங்கள் செய்தது அதற்குள் அடங்காது. மே மாதத்திலேயே கைடைப் பார்த்து, சார், என் வேலை இப்படி, பேட்டி எடுத்ததையும் திரையில் பார்த்ததையும் வைத்து எழுதலாமா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், விற்பனைக் கணக்கு எதுவும் ரிப்போர்ட்டில் வரக் கூடாது, உங்கள் சொந்த மெயிலுக்கும் அனுப்பக் கூடாது. சேரும்போது ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அச்சடிக்கும் முன் மென்டரிடம் காட்டி, சரி என்ற ஒரு வரியை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடித்தவர்கள் எல்லோருக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிடாது. அந்த வருடம் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. கிடைக்காவிட்டால், நீங்கள் எந்தப் பிரச்சினையை எடுத்து என்ன செய்தீர்கள் என்று குறிப்பாகச் சொல்லும் நாலு வரிப் பரிந்துரையை மென்டரிடம் கேளுங்கள். "நல்ல பையன், கடின உழைப்பாளி" என்ற கடிதம் உதவாது. அதையும் கடைசி வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆகஸ்டில் கேட்டால் அவர் வேறு புராடக்ட்டுக்கு மாறியிருப்பார், சலான் திரை நினைவில் இருக்காது.