டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் யாரிடம் ஒப்படைக்கிறார்கள்?

மருத்துவமனை வார்டில் பணி மாறும் நேரம் என்று ஒன்று உண்டு. இரவுப் பணி முடிக்கும் சிஸ்டரும் காலைப் பணிக்கு வந்த சிஸ்டரும் கட்டில் கட்டிலாக நடந்து, யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி போட்டது, யாருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது, யார் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதையெல்லாம் நோயாளியின் எதிரிலேயே சொல்லி, கையெழுத்திட்டுப் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். 11 ஆண்டுகள் அப்படி வேலை பார்த்துவிட்டு, வடசென்னையில் வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் பணிக்கு வந்தபோது எனக்கு முதலில் உறைத்தது, வீடுகளில் அந்தப் பத்து நிமிடம் இல்லை என்பதுதான்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவருகிறார்; படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். இவர்களைத் தவிர, புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்ய என்னைப் போன்ற ஒருவர், இரவில் உடனிருக்க ஏஜென்சி அனுப்பும் ஒரு அட்டெண்டர். அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்கிறோம். ஆனால் ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் வருவதில்லை. எல்லோரையும் சந்திக்கும் ஒரே ஆள் அந்த வீட்டு மருமகள். அவர் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே நாங்கள் சொல்வதைக் கேட்டு, மறுநாள் வருபவரிடம் நினைவிருக்கும் அளவுக்குச் சொல்கிறார். மீதியெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு என்று மடிந்து ஒரு மஞ்சள் பைக்குள் கிடக்கிறது.

வியாசர்பாடியில் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய 68 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துவந்தேன். மூன்றாவது வாரத்தில் இரண்டு கால்களும் வீங்கின. உட்காரவைத்தால் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் 100/60. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் புண்ணைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதித் தன்னார்வலர் மாத்திரை அட்டைகளைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்: “சிஸ்டர், இந்த ரெண்டு அட்டையிலயும் பொடி எழுத்துல ஒரே பேர்தான் போட்டிருக்கு, பாருங்க.” மருத்துவமனையில் தந்தது மருந்தின் பொதுப்பெயரில் இருந்தது, இடையில் போய்ப் பார்த்த தனியார் மருத்துவர் எழுதியது கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். “ரெண்டு டாக்டரும் எழுதினது சிஸ்டர், எதையும் விடக்கூடாதுன்னுதான் குடுத்தேன்” என்றார் மருமகள். அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அந்த மாத்திரையின் அளவு கூடினால் கால் வீங்கும் என்று படித்தவள் நான். அந்த மஞ்சள் பையைத் திறந்து பார்க்காதவளும் நான்தான். அன்றே மருத்துவரிடம் பேசினோம். அவர் ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

இன்சுலினில் இதே குளறுபடி இன்னும் ஆபத்தானது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லி லிட்டருக்கு 40 யூனிட்; பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்பத் தனித்தனி: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பேனா ஊசி தீர்ந்துபோன நாளில், அதன் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘20’ கோடுவரை இழுத்துவிட்டால் உள்ளே போவது 50 யூனிட். குப்பி மருந்தை ஆரஞ்சு மூடியில் அதே கோடுவரை எடுத்தால் 8 யூனிட்தான். ஆகவே “காலையில இருபது போட்டாச்சு” என்று ஒரு செவிலியர் இன்னொருவருக்குச் சொல்லும் தகவல் பாதித் தகவல்தான். எந்த மருந்து, குப்பியா பேனாவா, எந்த சிரிஞ்சு, சாப்பிடுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

சென்னையில் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரையும் ‘ஹோம் நர்ஸ்’ என்றே அழைக்கிறோம். செவிலியர் பட்டயப் படிப்புக்கே 3 ஆண்டுகள் ஆகும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவும் வேண்டும். அட்டெண்டருக்கு இரண்டும் இருப்பதில்லை. எனவே அவரை ஊசி போடச் சொல்வதும் மூக்குக் குழாயை மாற்றச் சொல்வதும் தவறு. அதற்காக அவரைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவைப்பது அதைவிடப் பெரிய தவறு. அதைச் செய்பவர்கள் குடும்பத்தாரைவிடச் செவிலியர்களாகிய நாங்கள்தான் அதிகம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பவர் அவர். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாமல் நிற்பதை, அதாவது படுக்கைப் புண் தொடங்கும் அறிகுறியை, முதலில் பார்ப்பதும் அவர்தான். விடிந்ததும் பேருந்து பிடித்துப் போய்விடும் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

இப்போது நான் போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நீள நோட்டு, காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. தேதி, நேரம், பார்த்தது, செய்தது, அடுத்து வருபவர் பார்க்கவேண்டியது என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டம் இல்லாவிட்டால் அது வெறும் வருகைப் பதிவேடு. சிறுநீர்க் குழாய் மாற்றிய தேதி முதல் பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறோம். அதில் நோயாளியின் முகம் தெரியும் படத்தைப் போடுவதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். போனில் சொல்லும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். “கொஞ்சம் டல்லா இருக்கார்” என்றால் மறுமுனையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? “காலையிலிருந்து யூரின் பையில் 50 மில்லிதான், காய்ச்சல் 101, குழாய் அடைத்திருக்கிறதா என்று இன்றே வந்து பாருங்கள்” என்றால் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து அழைத்துவரும் குடும்பத்தார், எந்தப் பழைய மாத்திரைகளை நிறுத்தவேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கள். புதிய மாத்திரைகளைப் பற்றி எல்லோரும் விளக்குவார்கள்; நிறுத்தவேண்டியதைப் பற்றி நீங்கள்தான் கேட்கவேண்டும்.

வியாசர்பாடி வீட்டு நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் யாருடைய கையெழுத்தும் இல்லை. மருமகளின் கையெழுத்து மட்டும் இருந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் 108 இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாத சந்தேகங்களுக்கு யாரைக் கூப்பிடுவது? நாங்கள் முறைவைத்துக்கொண்டு, அந்தந்த ஞாயிறுக்குரியவரின் எண்ணை நோட்டு அட்டையின் உட்புறத்தில் எழுதிவைக்கிறோம். இந்த வாரம் என் முறை.