அணைவுச் சேர்மமா, சிக்கல் சேர்மமா?

'கரிம லிகண்ட்களுடன் கூடிய உலோகச் சிக்கல்களின் தொகுப்பு' என்று ஓர் ஆய்வுச் சுருக்கத்துக்குத் தலைப்பு. இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது 'உலோகச் சிக்கல்' இது. இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிணைந்து நிற்கும் மூலக்கூறுகளோ அயனிகளோ: இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ் என்று பெயர், சுற்றி நிற்பவை லிகண்ட்கள். அந்தக் காம்ப்ளெக்ஸைத்தான் 'சிக்கல்' ஆக்கிவிட்டார்கள். காம்ப்ளெக்ஸ் என்பதன் லத்தீன் வேருக்குத் தழுவுதல், பின்னிக்கொள்ளுதல் என்று பொருள். லிகண்ட், கட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. தமிழில் முன்னது அணைவு, பின்னது ஈனி. இரண்டும் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன.

நிக்கல் உப்பின் பச்சைக் கரைசலில் கொஞ்சம் அம்மோனியா விட்டு, ஆல்கஹாலில் கரைத்த டைமெத்தில்கிளையாக்சைம் என்ற கரிமச் சேர்மத்தைச் சொட்டிப் பாருங்கள். செம்பருத்தி நிறத்தில் வீழ்படிவு திரண்டு வரும். நடுவில் ஒரு நிக்கல் அயனி. இரு பக்கமும் இரண்டு கரிம மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் இரண்டு நைட்ரஜனால் அதைப் பிடித்திருக்கும். நான்கு நைட்ரஜனும் ஒரே தளத்தில், சதுரமாக. போதாததற்கு அந்த இரண்டு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். சிக்கல் என்பது நூல்கண்டில் விழுவது, எடுத்துப் பிரிக்க வேண்டியது. இந்த ஒழுங்குக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

1893-இல் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் முன்வைத்த கொள்கையின் மையமே அணைதல்தான். கோபால்ட் குளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்த உப்பில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் மூன்று குளோரைடும் வீழ்படிவாகும். ஐந்து அம்மோனியா என்றால் இரண்டு, நான்கு என்றால் ஒன்று. மீதிக் குளோரைடு எங்கே? உலோகத்தை அணைந்து நிற்கிறது. எது அணைந்திருக்கிறது, எது வெளியே நிற்கிறது என்ற இந்த வேறுபாட்டைச் 'சிக்கல்' சொல்லவே சொல்லாது.

அணைவு என்றால் விளக்கணைப்பது போலக் கேட்கிறது என்கிறார்கள். பிள்ளையை அணைத்தாள் என்றால் யாருக்காவது விளக்கு நினைவு வருகிறதா? இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை. அணைவு என்று எழுதாததற்கு உண்மையான காரணம், அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளோடு மொழிபெயர்ப்பவர் நின்றுவிடுவதுதான். அதே காம்ப்ளெக்ஸ் கணக்கில் கலப்பெண் ஆனது, கடைத்தெருவில் வணிக வளாகம் ஆனது. அங்கெல்லாம் யாரோ பொருளைப் பார்த்துச் சொல் கொடுத்திருக்கிறார்கள். வேதியியலுக்கும் அப்படிக் கொடுத்தாயிற்று, எடுத்து எழுதத்தான் ஆளில்லை.

சரி, ஈனி? காதுக்கு ஈனுதல் போல ஒலிக்கிறது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனாலும் ஓர் அணுவே இரண்டு எலக்ட்ரானையும் கொடுத்து உருவாகும் ஈதல் சகப்பிணைப்பைப் படித்த மாணவருக்கு, எலக்ட்ரான் இரட்டையைக் கொடுப்பது ஈனி என்று உடனே பிடிபடும். லிகண்டில் அந்தப் பிடி இல்லை. அப்புறம், உலோகத்தை இரண்டு மூன்று இடங்களில் கவ்வும் ஈனிகளுக்குக் கொடுக்கிணைப்பு என்ற அருமையான சொல்லும் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான கீலேட் என்பதன் கிரேக்க மூலமே நண்டின் கொடுக்குதான்.

'கரிம ஈனிகள் கொண்ட உலோக அணைவுகள்: தொகுப்பும் அமைப்பும்' என்று அந்தத் தலைப்பை எழுதியிருக்கலாம்.