முதலாளி இருமினால் யார் சொல்வது?

இரவு இரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டியவர் அந்தக் குழுவிலேயே வயதில் சின்னவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். "டாக்டர், சார் ரெண்டு நாளா இருமிட்டே இருக்கார். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னார். இப்ப ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல அவரால."

போய்ப் பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சைகை காட்டினார். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே நெஞ்சுக்குள் நீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 61 சதவீதம். நாங்கள் இருந்தது 3,500 மீட்டர் உயரத்தில், அன்று மூன்றாவது இரவு. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டு, ஓட்டுநரை எழுப்பி, மூன்று மணிக்கு மலையிறங்கினோம். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியபிறகுதான் உதட்டில் நிறம் திரும்பியது. பிழைத்துக்கொண்டார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தொழில்முனைவோர், நிர்வாகிகள் குழுக்களோடு மருத்துவராக மலைக்குப் போவது என் வேலையில் ஒரு பகுதி. இப்படி நடப்பது இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் நோயின்மேல் இல்லை. முந்தின நாள் காலை நடைப்பயணத்தில் அவர் இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியதைக் கூட வந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் அவர்களையெல்லாம் முந்தி ஓடக்கூடிய மனிதர் அவர். பார்த்தும் ஒருவர்கூட என்னிடம் வரவில்லை. கேட்டால், "சாரே ஒண்ணும் இல்லைன்னு சொல்றப்ப நாங்க எப்படி டாக்டர் சொல்றது?" என்கிறார்கள்.

சரி, முதலில் அந்தப் பழைய நம்பிக்கைக்கு வருகிறேன். "நான் மாரத்தான் ஓடுகிறவன், எனக்கு மலை ஒன்றும் செய்யாது." ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேராவது இதைச் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். உடற்பயிற்சி உங்கள் இதயத்தையும் தசையையும் பலப்படுத்தும். உடல் பழகும் முன்பே உயரத்துக்குப் போவதால் வரும் மலைநோயிலிருந்து காக்காது. 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கு உடல் பழகச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களை எந்த ஜிம்மிலும் முன்கூட்டியே சம்பாதிக்க முடியாது. யாருக்கு வேகமாகப் பழகும், யாருக்குப் பழகாது என்பது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. ஐம்பது வயதில் நடக்கவே சோம்பல்படுகிறவர் நன்றாக இருப்பார், முப்பது வயது ஓட்டக்காரர் வாந்தி எடுப்பார். இரண்டையும் ஒரே மேசையில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சொல்லப்போனால், நல்ல உடற்கட்டு இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அவர்கள் வேகமாக ஏறுவார்கள், வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள். கீழே அவர்களை வெற்றிபெற வைத்த அதே குணம்தான் மேலே தலைவலியை மறைக்க வைக்கிறது. நுரையீரலில் நீர் கோக்கும் இந்த நோயை 1960-ல் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன். அவர் விவரித்த நோயாளி திடகாத்திரமான இளைஞர், பனிச்சறுக்கு வீரர். அதுவரை இப்படி வந்தவர்களை நிமோனியா என்றோ இதயக் கோளாறு என்றோதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் "சளிதான், குளிர் ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் இரவுவரை போகிறார்கள்.

போன வருடம் போனபோது ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் முன்பு ஒருமுறை வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

இப்போது குழுவின் தலைவர்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். முதல் நாள் மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது "யாருக்காவது தலைவலி இருக்கிறதா?" என்று கேட்பேன். கண்கள் முதலில் என்னைப் பார்க்காது, உங்களைப் பார்க்கும். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தலைவலி இருக்காது. இரவு பதினொரு மணிக்கு ஒவ்வொருவராகத் தனித்தனியே மாத்திரை கேட்டு வருவார்கள். இப்போதெல்லாம் நான் கூட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன். காலையில் அறை அறையாகப் போய்க் கேட்கிறேன். ஆனால் உங்கள் ஒரு வார்த்தை செய்வதை என்னால் செய்ய முடியாது. "எனக்குத் தலை வலிக்கிறது, நாளைக் காலை நடைக்கு நான் வரவில்லை" என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். அலுவலகத்தில் உங்களுக்குக் கெட்ட செய்தி ஏன் தாமதமாக வந்து சேர்கிறது என்பதும் அப்போது உங்களுக்கே விளங்கும் என்று நினைக்கிறேன். அது என் துறை இல்லை, ஆனாலும் இத்தனை குழுக்களைப் பார்த்தபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹூஸ்டனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1953-ல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2-க்குப் போன அமெரிக்கக் குழுவின் தலைவர் அவர்தான். மேல்முகாமில் புயலில் சிக்கியிருந்தபோது ஆர்ட் கில்க்கி என்ற வீரருக்குக் காலில் ரத்தம் உறைந்துவிட்டது. சிகரம் வேண்டாம், இவரை இறக்கியாக வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. இறங்கும் வழியில் ஒருவர் சறுக்க, கயிறுகள் சிக்கி வரிசையாகப் பலர் விழுந்தார்கள். பீட் ஷோனிங் என்பவர் ஒற்றை ஆளாகக் கயிற்றைப் பிடித்து அவர்களை நிறுத்தினார். கில்க்கியைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற ஏழு பேரும் உயிரோடு திரும்பினார்கள். அலுவலகத்திலிருந்து குழுவாக வந்து தங்கும் உங்கள் ரிட்ரீட்டில் சிகரம்கூட இல்லை. ஒரு அட்டவணைதான் இருக்கிறது. அதைக் கைவிட ஏன் இவ்வளவு தயக்கம்?

அந்த அட்டவணை எப்படி இருக்கிறது பாருங்கள். காலையில் விமானம், மதியம் நேராக 3,500 மீட்டர். மாலையில் தீமூட்டி மதுவோடு அறிமுக விருந்து. மறுநாள் விடியற்காலை "டீம் பில்டிங்" மலையேற்றம், யார் முதலில் என்று போட்டி வேறு. பத்து மணிக்கு ஐந்தாண்டுத் திட்டம். அந்த உயரத்தில் முதல் இரவு பலருக்கும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், திடுக்கிட்டு விழிப்பார்கள். அப்படி விடிந்தவர்களை உட்கார வைத்து நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம். பெரிய முடிவுகளை மூன்றாம் நாளுக்கு மேல் வையுங்கள், அல்லது கீழே இறங்கிவந்து எடுங்கள்.

முடிந்தால் 2,500 மீட்டருக்குக் கீழே இடம் பாருங்கள், காட்சி அங்கேயும் அழகுதான். மேலேதான் போக வேண்டும் என்றால் வழியில் ஓரிரு இரவு தங்கி ஏறுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருங்கள். முதல் இரண்டு நாள் மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது. மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைட் மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும், அதுவும் உங்கள் மருத்துவரைக் கேட்டு. பக்கத்து அறைக்காரர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். தண்ணீர் குடம் குடமாகக் குடித்தால் மலைநோய் வராது என்பதும் உண்மையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதை நம்பி யாரையும் மேலே வைத்திருக்காதீர்கள்.

ஆக்சிமீட்டரை வைத்துப் போட்டி போடாதீர்கள். அந்த உயரத்தில் முதல் நாள் 85 காட்டுவது பெரிய விஷயமில்லை. 90 காட்டுகிறவர் தலைவலியோடும் குமட்டலோடும் இருந்தால் அவர்தான் நோயாளி.

தலைவலி, பசியின்மை, குமட்டல், அசதி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். ஓய்விலும் குறையவில்லை என்றால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, தரையில் நேர்கோட்டில் குதிகாலோடு கால்விரல் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே உடனே இறக்குங்கள். தனியாக அனுப்பாதீர்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். மூளை பாதிக்கப்பட்டவர் அப்படித்தான் சொல்வார்.

அந்தப் பெண் மறுநாள் என்னிடம் கேட்டார், "சார் என்மேல கோபப்படுவாரா?" உயிரைக் காப்பாற்றிய பிறகும் அவருக்கு அந்தப் பயம்தான். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தலைவர்களே, புறப்படும் முன்பே எல்லோர் முன்னாலும் ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். "கீழே இறங்குங்கள்" என்று அவர் சொன்னால் நான் இறங்குவேன், மறுபேச்சு பேச மாட்டேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவர் குழுவிலேயே சின்னவராக இருந்தால் இன்னும் நல்லது.