காட்டுப் பழம் ஒயினாவது எப்படி?

இலையுதிர் காலத்தில் புதரிலிருந்து பறித்த ஸ்லோ என்ற சின்னக் காட்டுப் பிளம் பழத்தை விரலால் தேய்த்தால், சாம்பல் நீலப் பூச்சு ஒன்று கையோடு வரும். அதுதான் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது ஈரம் வற்றாமலிருக்கப் பழமே சுரக்கும் மெழுகு. ஈஸ்ட் அதன்மேல் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஒயினைக் கடைசிவரை கொண்டுபோகும் ஈஸ்ட்டின் பெயர் சாக்கரோமைசிஸ் செரவிசியே. காயம்படாத பழத்தோலில் இது மிக அரிது. அங்கே அதிகம் இருப்பவை ஹான்சீனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்ட்டுகள். பழத்தை நசுக்கி, சர்க்கரை கலந்து வைத்தால் முதலில் நுரை தள்ளுவது இவைதான். ஆல்கஹால் 4, 5 சதவீதத்தைத் தொட்டதும் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம்தான் ஆல்கஹாலைத் தாங்கும் சாக்கரோமைசிஸ் பெருகி இடத்தைப் பிடிக்கிறது.

சரி, அவ்வளவு அரிதானது எங்கிருந்து வருகிறது? குளவிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ராணிக் குளவியின் குடலில் இந்த ஈஸ்ட் குளிர்காலம் முழுவதும் உயிரோடிருந்து, வசந்தத்தில் குளவிப் புழுக்களுக்கும் போய்ச் சேர்வதை 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழுத்த பழத்தைக் குளவி கடிக்கும்போது ஈஸ்ட்டும் உள்ளே போகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கணக்குப்படி, ஈஸ்ட் தின்னும் 180 கிராம் குளுக்கோஸ் சர்க்கரை 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். எடையில் கிட்டத்தட்ட பாதி வாயு! இறுக்க மூடினால் பாட்டில் வெடிக்கும். திறந்தே விட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அசிட்டிக் பாக்டீரியா எல்லாவற்றையும் வினிகராக்கிவிடும். வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் இதற்காகத்தான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை, 1 சதவீத ஆல்கஹால் தரும். காட்டுப் பழத்தில் இனிப்பு குறைவு என்பதால் மீதியை நாம்தான் சேர்க்க வேண்டும்.

காட்டு ஈஸ்ட்டை மட்டும் நம்புவது சூதாட்டம். நகப்பூச்சு வாடை அடிக்கும் எத்தில் அசிட்டேட்டை அது தாராளமாகத் தரக்கூடும். எல்டர்பெர்ரி என்ற கருநிறக் காட்டுப் பழம் என்றால் பாக்கெட் ஈஸ்ட் கட்டாயம். அதன் காம்பிலும் பச்சைக் காயிலும் சயனைடு தரும் பொருள் இருப்பதால், காம்பு நீக்கி, நன்றாகப் பழுத்ததை மட்டும் வேகவைத்துதான் பயன்படுத்த வேண்டும். அந்தக் கொதியில் தோலிலிருந்த ஈஸ்ட்டெல்லாம் செத்துவிடும். கூடவே, ஜாமைக் கெட்டியாக்கும் பழப் பொருளான பெக்டினும் கரைந்து ஒயினைக் கலங்க வைக்கும். ஆறியபின் அதை உடைக்கும் பெக்டினேஸ் என்சைம் சேர்த்தால் தெளியும்.