‘கோர்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இளையோருக்கான ஃபேண்டஸி நாவல்களை மொழிபெயர்ப்பவர்கள் முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் இது. டிராகனை அப்படியே விட்டுவிடலாம். சாபம், வரம், மந்திரக்கோல் எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. ஆனால் ‘கோர்ட்’? கதாநாயகியைப் பதினான்கு வயதில் ‘கோர்ட்டுக்கு’ அனுப்புகிறார்கள். அங்கே அவள் எதிரிகளைச் சம்பாதிக்கிறாள். ஒரு விருந்தில் ‘கோர்ட்’ முழுவதும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. குளிர்காலம் வந்ததும் ‘கோர்ட்’ மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு கோட்டைக்குப் புறப்படுகிறது.

‘அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள்’ என்று எழுதினால், என்ன குற்றம் செய்தாள் என்று தமிழ் வாசகர் கேட்பார். ‘அரசவைக்கு அனுப்பினார்கள்’ என்றால், போய் ஒரு மனு கொடுத்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவாள் போலத் தோன்றும். ‘அரண்மனை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது’ என்றால் அது ஃபேண்டஸியிலும் கொஞ்சம் அதிகம்.

சொல்லின் வேரைப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். லத்தீனில் ‘கோஹோர்ஸ்’ என்றால் வேலியடைத்த முற்றம், பண்ணை வீட்டின் கொல்லை. கோழியும் ஆடும் நிற்கிற இடம்தான். அந்தச் சொல்லின் பிற்பாதி, தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு உறவு. ஆங்கிலத்தின் ‘கார்டன்’, ‘யார்டு’ இரண்டும் அதே தொல்வேரின் கிளைகள் என்பார்கள். ஒரு வேலிக்குள் அடங்கிய இடத்தைச் சொன்ன சொல், அப்புறம் ஒரு வேலிக்குள் அடங்கிய ஆட்களையும் குறித்தது. ரோமானியப் படையில் ‘லீஜியன்’ என்ற பெரும்படைப் பிரிவின் பத்தில் ஒரு பங்குக்கு இதே பெயர். மாகாணத்துக்குப் போகும் ஆளுநரைச் சூழ்ந்து செல்லும் கூட்டத்துக்கும் இதே பெயர். இந்தச் சொல் பழைய பிரெஞ்சில் ‘கோர்ட்’ என்று குறுகி, நார்மானியர்களோடு இங்கிலாந்துக்குள் வந்தது. வழியில், ஆட்சிமன்றத்தைக் குறித்த ‘கூரியா’ என்ற இன்னொரு லத்தீன் சொல்லோடும் அது கலந்துகொண்டது. இடைக்கால ஆவணங்களில் லத்தீனில் ‘கூரியா’ என்று எழுதியதைத்தான் பிரெஞ்சில் ‘கோர்ட்’ என்று பேசினார்கள்.

ஜெர்மன்காரர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். அவர்களுடைய ‘ஹோஃப்’ முற்றம், பண்ணை, அரசரின் கோர்ட் என மூன்றையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ‘ஹ்யோஃப்லிஷ்’ என்றால் மரியாதையான என்று பொருள். ஆங்கிலத்தில் ‘கர்ட்டஸி’ கோர்ட்டிலிருந்து வந்ததைப் போலவே. பெண்ணின் மனத்தைக் கவர முயல்வதைக் குறிக்கும் ‘கோர்ட்ஷிப்’பும் அங்கிருந்துதான். அரசர் முன்னால் நடந்துகொள்வதைப் போல ஒருத்தியின் முன்னால் நடந்துகொள்வது என்பதே அதன் தொடக்கப் பொருள்.

சரி, இடைக்கால ஐரோப்பாவில் இந்த கோர்ட் எங்கே இருந்தது? அரசர் எங்கே இருந்தாரோ அங்கே. நாவல்களில் பெரும்பாலும் ஒரே அரண்மனையில் எல்லாம் நடக்கிறது. உண்மையில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர்கள் ஓயாமல் ஊர் சுற்றினார்கள். ஒரு கோட்டை, ஒரு வேட்டை மாளிகை, ஒரு மடம் என்று மாறி மாறித் தங்குவார்கள். கூடவே நூற்றுக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் வண்டிகளும் போகும். அத்தனை பேருக்கு ஒரே இடத்தில் நெடுநாள் தீனி போட முடியாது என்பது ஒரு காரணம். அரசர் நேரில் வந்தால்தான் அங்குள்ள பிரபுக்கள் அடங்கியிருப்பார்கள் என்பது இன்னொன்று.

நீதி கேட்டு வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். வழக்கு சொல்ல வேண்டுமானால் அரசரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். அதனால்தான் 1215ஆம் ஆண்டு ஜான் அரசர் முத்திரையிட்ட ‘மேக்னா கார்ட்டா’ என்ற உரிமைச் சாசனத்தில், குடிமக்களுக்கு இடையிலான சாதாரண வழக்குகள் ‘எம்முடைய கோர்ட்டைப் பின்தொடர வேண்டாம், நிலையான ஓரிடத்தில் நடக்கட்டும்’ என்ற பொருளில் 17ஆம் பிரிவு இடம்பெற்றது. அந்த நிலையான இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீதிபதிகள் அங்கே உட்கார்ந்தார்கள். அரசரும் நீதிபதியும் தனித்தனியே பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊர் ‘கோர்ட்டு’ அந்தப் பங்காளிகளில் ஒருவருடைய வாரிசு.

கோர்ட் என்பது கட்டடம் இல்லை என்பதற்கு இன்றைக்கும் ஒரு சான்று இருக்கிறது. பிரிட்டனுக்கு வரும் வெளிநாட்டுத் தூதர்கள், செயின்ட் ஜேம்ஸ் என்ற பழைய அரண்மனையின் பெயரிலுள்ள ‘செயின்ட் ஜேம்ஸ் கோர்ட்’டுக்குத்தான் நியமிக்கப்படுகிறார்கள். அரச குடும்பமோ விக்டோரியா பட்டமேறிய 1837லிருந்து பக்கிங்காம் அரண்மனையைத் தலைமை இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது.

ஒரு பெண்ணை ‘கோர்ட்டுக்கு அனுப்புவது’ என்றால் என்ன என்பதற்கு, பின்னாளில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியை மணந்த ஆன் போலினைப் பார்க்கலாம். இடைக்காலத்தின் கடைசி வாசலில் நிற்கும் கதைதான், ஆனாலும் நாவலாசிரியர்கள் பலருக்கும் மனத்தில் இருக்கும் அச்சு அதுதான். 1513இல், இன்னும் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே, அவளை நெதர்லாந்துப் பகுதிகளை ஆண்ட ஆஸ்திரியாவின் மார்கரெட்டிடம் தந்தை அனுப்பிவைத்தார். பிறகு பிரான்சில் அரசி குளோடின் பணியில் சில ஆண்டுகள். அதன் பிறகே இங்கிலாந்துக்குத் திரும்பி அரசி கேத்தரினின் தோழியானாள். மொழி, நடனம், உடை, யாரிடம் எதைப் பேசக்கூடாது என்பது எல்லாம் அங்கே கற்றவை. படிப்பும் வேலையும் வரன் தேடலும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு இது. 1536இல் கணவனே அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினான் என்பதால், கோர்ட் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் அவள் பார்த்துவிட்டாள்.

இங்கே ‘தோழி’ என்று எழுதியது யோசித்துத்தான். அரசியின் அருகிலிருக்கும் இந்தப் பெண்கள் பிரபு வீட்டுப் பிள்ளைகள். ‘சேடி’, ‘பணிப்பெண்’ என்று மொழிபெயர்த்தால் ஒரு கோமகளின் கையில் துடைப்பத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வரலாம். நம்மிடம் பஞ்சமில்லை, அளவுக்கு அதிகமாகவே இருக்கின்றன.

முதலில் ‘அவை’. அரசன் வீற்றிருக்க, புலவரும் அமைச்சரும் கூடியிருக்கும் கூட்டம். நற்றிணையின் கடைசிப் பாட்டில் ‘மறங்கெழு சோழர் உறந்தை அவையத்து’ அறம் கெடுவதில்லை என்று ஒரு வரி வருகிறது. உறையூர் அவை அரசவையாகவும் இருக்கிறது, நீதி வழங்கும் இடமாகவும் இருக்கிறது. கண்ணகி வாயில்காவலனிடம் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போய் ‘தேரா மன்னா’ என்று தொடங்குவதும் பாண்டியனின் அவையில்தான். அவளைப் பொறுத்தவரை அது வழக்காடும் இடம். ஆகவே அரசவையும் நீதிமன்றமும் ஒன்றாயிருந்த நிலை நமக்கும் புதிதில்லை. பெயரில்தான் நாம் பிரித்து வைத்துக்கொண்டோம்.

பிரித்துவைத்த அந்தப் பெயரும் சுவையானது. ‘மன்றம்’ என்பது ஊர்நடுவே மரத்தடியில் இருந்த திறந்த வெளி. ‘மன்று’ என்பதற்கு ஆவினம் நிற்கும் தொழு என்ற பொருளும் அகராதியில் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்கும் இடையர்களுக்கு ‘மன்றாடி’ என்று பெயர். முறையிட்டுக் கெஞ்சுவதற்கும் ‘மன்றாடு’ என்கிறோம். லத்தீன் பண்ணையின் கொல்லை நீதிபதியின் நாற்காலி வரை வந்த பாதையில், நம்முடைய மன்றமும் தனியாக நடந்து நீதிமன்றத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, யாரும் வாட்ஸ்அப்பில் ‘தமிழிலிருந்து லத்தீன்’ என்று கிளப்பிவிட வேண்டாம்.

அடுத்தது ‘கொலு’. தெலுங்கின் ‘கொலுவு’ வழியாக வந்தது. அரசர் பரிவாரத்தோடு காட்சி தர உட்காருவது ‘கொலுவிருத்தல்’. இன்றைக்கு நவராத்திரிப் படிகளில் பொம்மைகளாக மிஞ்சியிருக்கிறது. ‘தர்பார்’ பாரசீகம். ‘தர்’ என்றால் கதவு. தஞ்சாவூர் அரண்மனையின் தர்பார் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் இந்தச் சொல்லை ஒரு ஐரோப்பியச் சாயல் நாவலில் போட்டால் கோட்டைச் சுவருக்குப் பின்னால் நவாபின் பல்லக்கு தெரியும். ‘திருவோலக்கம்’ தெய்வத்துக்குப் போய்விட்டது. ‘அத்தாணி மண்டபம்’ அரசர் காட்சி தரும் கூடத்தை மட்டுமே குறிக்கும், அந்த ஒரு பொருளுக்கு அருமையான சொல். ‘கச்சேரி’யின் கதை தனி. ஒரு காலத்தில் நீதிமன்றத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் அதுதான் பெயர். இலங்கையில் மாவட்டச் செயலகத்தை இன்றும் அப்படி அழைக்கிறார்கள், மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறது. மற்ற இடங்களில் அது மிருதங்கத்தோடு போய்விட்டது.

இவை எல்லாமே இடத்தையோ, கூடி அமர்வதையோ குறிக்கின்றன. நாவல்களின் ‘கோர்ட்’டோ பெரும்பாலும் ஆட்களைக் குறிக்கிறது. சிரிப்பது, வம்பு பேசுவது, இடம்பெயர்வது, சதி செய்வது எல்லாம் ஆட்கள்தானே. அதற்கு என் தேர்வு ‘சுற்றம்’. இன்று உறவினர் என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். பழந்தமிழில் அது அரசனைச் சூழ்ந்திருப்போரையும் குறித்தது. ‘அரசச் சுற்றம்’ என்றால் வாசகர் தடுமாற மாட்டார். ‘பரிவாரம்’ ஊர்வலம் போகிற மாதிரி ஒலிப்பதால், பயணக் காட்சிகளில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ‘அவளை அரசியிடம் அனுப்பினார்கள்’ என்றோ ‘அரண்மனையில் வளர அனுப்பினார்கள்’ என்றோ எழுதினால் போதும். ‘அரசச் சுற்றமே அவளைப் பார்த்துச் சிரித்தது’. ‘குளிர்காலம் வந்ததும் அரசரும் பரிவாரமும் வடக்குக் கோட்டைக்குப் புறப்பட்டார்கள்’. வழக்கு விசாரிக்கும் காட்சி என்றால் ‘அரசர் அவை கூட்டினார்’. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் பிடிக்கிற கலைச்சொல் பட்டியல்கள் இங்கே உதவாது. பதிப்பாசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

கோர்ட்டில் இருப்பவருக்கு ‘அரசவையர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அப்படி ஒருவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. எழுபதாவது அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல். தீக்காய்வாரைப் போல ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இரு என்கிறது 691. பெரியவர்கள் முன்னால் பக்கத்தில் இருப்பவர் காதில் கிசுகிசுக்காதே, சேர்ந்து சிரிக்காதே என்கிறது 694. சதி நிறைந்த அரண்மனைக் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கையேடு வேண்டாம். ஒவ்வொரு விதியையும் ஒரு பாத்திரம் மீறினால் ஒரு நாவல் தயார். ‘மன்னரைச் சேர்ந்தோர்’ என்ற தொடரை அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

பதவிப் பெயர்களில் ஒரு எச்சரிக்கை. ‘கான்ஸ்டபிள்’ என்று வந்தால் அப்படியே எழுதிவிடாதீர்கள், தொப்பி போட்ட போலீஸ்காரர் அரசர் பக்கத்தில் வந்து நிற்பார். லத்தீனில் அது ‘குதிரைக் கொட்டிலின் தலைவர்’. பிரான்சில் அந்தப் பதவி வளர்ந்து படைத்தலைமை ஆனது. ‘தண்டநாயகர்’ பொருந்தும். ‘மார்ஷல்’ என்பதும் தொடக்கத்தில் குதிரை பார்த்துக்கொண்ட சேவகர்தான். அரசரின் வாய்மொழியைக் கேட்டு எழுதும் செயலாளருக்குச் சோழர் கல்வெட்டுகளில் ‘திருமந்திர ஓலை’ என்ற அழகான பதவிப்பெயர் இருக்கிறது. ஆனால் ஓலையே இல்லாத தோல்சுவடி நாட்டுக்கு அது ஒட்டாது.

கடைசியாக, தேவதைகளின் ‘கோர்ட்’. இந்த வகை நாவல்களில் இப்போது அதிகம் புழங்குவது இதுதான். ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் ‘சீலி’, ‘அன்சீலி’ என இரண்டு கோர்ட்டுகள். ‘சீலி’ என்றால் அருள்பெற்ற, மங்கலமான என்று பொருள். ஆங்கிலத்தில் ‘சில்லி’ என்று அசட்டுத்தனத்தைச் சொல்வதும் இதே சொல்லின் தேய்ந்த வடிவம். முதல் கூட்டம் மனிதரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும், இரண்டாவது கூட்டம் கண்ணில் பட்டாலே கேடு. இரண்டுக்கும் ‘அரசவை’ என்று எழுதினால் முழுக்கப் பொருள் வராது. இங்கே கோர்ட் என்பது ஒரு இனம், ஒரு படை, ஒரு கூட்டம். நம்மிடம் ‘கணம்’ இருக்கிறது. பூதகணம், சிவகணம், பேய்க்கணம் என்று காதுக்குப் பழகிய சொல். கலிங்கத்துப்பரணியில் காளி வீற்றிருக்க, சுற்றிலும் பேய்கள் நிற்க, ஒரு முதுபேய் வந்து இந்திரசாலம் காட்டுகிறது. அதைப் படித்தவர்களுக்கு மனிதரல்லாத ஒரு கோர்ட்டைக் கற்பனை செய்ய ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. ‘நற்கணம்’, ‘தீக்கணம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘சீலி கோர்ட்’ என்று ஒலிபெயர்ப்பில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.